பத்துக்குப் பத்து அறையில் தேவ பிரசன்னம்: வீட்டு ஜெபக்கூட்டம் தொடங்குகிறவர்களுக்கு

மும்பைக்குப் பிழைக்க வந்து, ஊரில் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போன பழக்கம் ஷிஃப்ட் வேலையில் விட்டுப்போய், சரி, நாலு குடும்பம் சேர்ந்து வீட்டிலேயே ஆராதிப்போம் என்று ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, பாடுகிறோம், ஜெபிக்கிறோம், எல்லாம் செய்கிறோம். ஆனால் பிரசன்னம் இறங்கின மாதிரியே இல்லையே, எதை விட்டுவிட்டோம்?" பிரசன்னம் என்று அவர்கள் சொல்வது, ஆண்டவர் நம் நடுவில் இருப்பதை.

சயானில் எங்கள் சால் வீட்டில் (ஒரே கட்டடத்தில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள்) இருபது வருடத்துக்கு மேலாகச் சனிக்கிழமை கூட்டம் நடக்கிறது. நான் போதகர் இல்லை. பாய் விரிப்பது, டீ போடுவது, பாட்டு எடுத்துக் கொடுப்பது, அழுகிறவர் பக்கத்தில் உட்காருவது, இவ்வளவுதான் என் வேலை. இதில் கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று, நடக்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். மத்தேயு 18:20 நமக்கு மனப்பாடம்: "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்." அந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். இருக்கிறேன் என்கிறார். நன்றாகப் பாடினால் வருவேன், சத்தமாகக் கூப்பிட்டால் இறங்குவேன் என்று சொல்லவில்லை. யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தபோது சொன்னதும் இதுதான்: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்." அதனால் பிரசன்னத்தை வரவேற்பது என்றால் தூரத்தில் இருக்கிறவரை இழுத்துக் கொண்டுவருவது என்று நினைக்காதீர்கள். விருந்தாளி வந்து பாயில் உட்கார்ந்தாயிற்று, வீட்டுக்காரர்கள் நாமோ அடுப்படியிலும் போனிலும் நின்றுகொண்டிருக்கிறோம். திரும்பி, முகம் பார்த்து, வாங்க என்று சொல்ல வேண்டியது நாம்தான். கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றும் அப்படித் திரும்புவதற்குத் தடையாக இருப்பதை எடுத்து ஓரமாக வைக்கிற வேலை.

நாளும் நேரமும்

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்பது என் கருத்து. ஞாயிறு பகலில் தண்டவாள வேலைக்காக மெகா பிளாக் போடுவார்கள், கல்யாணிலிருந்தோ பன்வேலிலிருந்தோ கிளம்புகிறவர் எப்போது வந்து சேருவார் என்று அவருக்கே தெரியாது. அதோடு, நம் கூட்டத்துக்காக ஒருவர் தன் சபை ஆராதனையை விடும்படி ஆகக்கூடாது. எங்களுக்குச் சனிக்கிழமை இரவு ஏழரை முதல் ஒன்பது வரை ஒத்துவருகிறது.

ஒன்பது என்றால் ஒன்பதுக்கு முடித்துவிடுங்கள். துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் தட்டிலிருந்து விழுந்ததை அப்போஸ்தலர் 20-ல் வாசிக்கிறோம். அந்தப் பையனை இதை எழுதிய லூக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்மிடம் வருகிறவர்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்தவர்கள், காலையில் ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்தவர்கள். அந்த உடம்புகளுக்கு இரங்குவதும் ஆராதனையைச் சேர்ந்ததுதான்.

அறை

கட்டிலை மடக்கிச் சாத்துங்கள் அல்லது பொருட்களை அதன்மேல் ஏற்றி ஒரு துணியால் மூடுங்கள். டிவியை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் குழந்தைகளின் கண் அங்கேயே இருக்கும். பாயை வட்டமாக வருகிற மாதிரி விரியுங்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவரின் முதுகைத்தான் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கிறபோதுதான் இது குடும்பம் என்று புதியவருக்குத் தோன்றும். விளக்கை மங்கலாக்க வேண்டாம், டியூப்லைட் வெளிச்சமே போதும், வயதானவர்கள் வேதாகமம் வாசிக்க வேண்டும் அல்லவா. ஆளுக்கொரு போன் மடியில் மினுங்கிக்கொண்டிருந்தால் வாசலில் ஒரு கூடை வையுங்கள். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருப்பவர் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் அடுப்பு. கூட்டம் முடிந்து சாப்பாடு என்று பிரியாணி வைத்தால், வீட்டுப் பெண் ஒன்றரை மணி நேரமும் அடுப்படியிலேயே நிற்பாள், பிரசன்னம் எல்லாருக்கும் கிடைத்து அவளுக்கு மட்டும் வெங்காயம் கிடைக்கும். இயேசு வீட்டுக்கு வந்தபோது வேலையிலேயே நின்ற மார்த்தாள், அவர் காலடியில் உட்கார்ந்த மரியாள் கதையை நாம் மார்த்தாளுக்குப் புத்தி சொல்லத்தான் பயன்படுத்துகிறோம், கரண்டியை வாங்கி வைத்து அவளையும் உட்கார வைக்க யாரும் எழுந்திருப்பதில்லை. டீயும் பாவ் ரொட்டியும் போதும். ஃபிளாஸ்க்கில் முன்னாலேயே ஊற்றி வைத்துவிட்டு எல்லாரும் உட்காருங்கள்.

வருகிறவர்களை உட்கார வைப்பது

"உங்களை ஏற்றுக்கொள்ளுகிறவன் என்னை ஏற்றுக்கொள்ளுகிறான்" என்று இயேசு சொன்னது மத்தேயு 10:40-ல் இருக்கிறது. நான் இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வாசற்படியில் செருப்பைக் கழற்றுகிறவரை எப்படி வாங்க என்கிறோமோ, அதுதான் அன்றைய கூட்டத்தில் நாம் ஆண்டவருக்குச் சொல்லும் முதல் ஸ்தோத்திரம்.

வந்தவுடன் தண்ணீர். ஐந்து நிமிடம் ஃபேனுக்குக் கீழே. பெயரைக் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள். நம் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, திருநெல்வேலி என்று சொன்னவுடன் எந்தத் தெரு, யார் வீடு, அப்பா பெயர் என்ன என்று தோண்டி, கடைசியில் சாதியைக் கண்டுபிடித்த பிறகுதான் நிம்மதியாகும். அந்த விசாரணை நடக்கிற அறையில் அடுத்து எத்தனை பாட்டுப் பாடினாலும் வந்தவர் மனது திறக்காது. புதிய ஏற்பாட்டில் வருகிற இன்னொரு யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தையானவனுக்குப் பாதபடியும் கொடுக்கிற சபையை நேராகவே கண்டிக்கிறார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது முட்டி வலிக்கிறவருக்கு. கம்பெனியில் மேனேஜராக இருப்பவரும், அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவும் ஒரே பாயில்தான் உட்காருகிறார்கள்.

மனத்தாங்கலை முதலில் தீருங்கள்

இதை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், நான் தாண்ட மாட்டேன். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23, 24. முன்பு ஒருமுறை எங்கள் கூட்டத்தில் இரண்டு குடும்பங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்கிற முறைக்காகச் சண்டை போட்டு, மூன்று வாரமாகப் பேச்சில்லாமல், ஆனால் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வந்து எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் எல்லாருக்கும் தொண்டை அடைத்த மாதிரி இருந்தது. நாலாவது வாரம் கூட்டத்துக்கு அரை மணி முன்னால் இரண்டு பெண்களையும் அடுப்படிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். யார் பக்கம் நியாயம் என்று பேச விடவில்லை. "உனக்கு எது வலித்தது, அதை மட்டும் சொல்" என்றேன். பத்து நிமிடத்தில் இருவரும் அழுதார்கள். அன்றைக்குப் பாட்டு அரைகுறைதான், கீபோர்டும் இல்லை, ஆனால் அந்த அறையில் ஆண்டவர் இருந்ததை நான் என்றும் மறுக்க முடியாது.

ஒவ்வொரு வாரமும் இப்படிப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் கூட்டம் தொடங்கும் முன் சுற்றிப் பாருங்கள், யார் யாரைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. இதற்கு முன்னதாகவே வந்து ஜெபிக்கிற இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஆயத்த ஜெபம் என்று பெரிய பெயர் வேண்டாம், இருபது நிமிடம் முன்னால் வந்து, இன்று வரப்போகிற ஒவ்வொருவர் பெயரையும் ஆண்டவரிடம் சொன்னால் போதும்.

தொடக்க ஜெபம்

சுருக்கமாக இருக்கட்டும். "வாரும், இறங்கும், இப்பொழுதே இறங்கும்" என்று கட்டளை போலக் கத்திக்கொண்டே போக வேண்டாம். புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் மாதிரி இது, உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள்: "ஆண்டவரே, நாங்கள் வரும் முன்னே நீர் இங்கே இருக்கிறீர். எங்கள் உடம்பு வந்துவிட்டது, எங்கள் மனது இன்னும் ரயிலிலும் ஆபீஸிலும் வீட்டுக் கடனிலும் நிற்கிறது. அதையும் உம்மிடம் கொண்டுவந்து சேரும். உம்மைப் பார்க்க எங்களுக்கு உதவி செய்யும். ஆமென்." அவ்வளவுதான். ஜெபித்த பின் எல்லாரும் மெதுவாக மூச்சு விட்டு உட்கார அரை நிமிடம் கொடுங்கள்.

பாட்டு

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எத்தனை பாட்டு? மூன்று, அதிகம் போனால் நாலு. எந்த வரிசை? சங்கீதம் 100 வாசல்களில் துதியோடும் பிராகாரங்களில் புகழ்ச்சியோடும் பிரவேசிக்கச் சொல்கிறது. நம் ஊர் வீட்டை நினைத்துப் பாருங்கள், தெருவாசல், திண்ணை, முற்றம், அப்புறம்தான் உள்ளறை. தெருவிலிருந்து நேரே உள்ளறைக்கு யாரும் ஓடுவதில்லை. அதேபோல முதல் பாட்டு எல்லாருக்கும் தெரிந்த, கை தட்டுகிற நன்றிப் பாட்டாக இருக்கட்டும். இரண்டாவது ஆண்டவர் யார், என்ன செய்தார் என்று சொல்கிற பாட்டு. மூன்றாவது, "நீர்" என்று அவரைப் பார்த்தே பேசுகிற மெதுவான பாட்டு. இந்தக் கடைசிப் பாட்டை இரண்டு தடவை பாடினாலும் சரி, மூன்று தடவை பாடினாலும் சரி, அவசரப்படுத்தாதீர்கள். புதுப் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆசை இருந்தால் மாதத்துக்கு ஒன்று, அதையும் ஆராதனைக்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். வரியைத் தேடிக்கொண்டிருக்கிறவரால் ஆண்டவரைத் தேட முடியாது.

சுருதியைக் கவனியுங்கள். பாடத் தெரிந்தவர்கள் தங்கள் குரலுக்கு ஏற்றபடி உயரத்தில் எடுத்துவிடுகிறார்கள், சரணத்தில் உச்சிக்குப் போகும்போது ஆண்கள் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பாட்டில் மிக உயரமான வரி எது என்று பார்த்து, அதை முதலில் முனகிப் பாருங்கள், உங்களுக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் இரண்டு சுரம் கீழே இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, விரலை மாற்றாமலே இறக்கலாம். தாளத்துக்கு ஒரு தம்பி கஹோன் என்ற மரப்பெட்டி வாத்தியத்தைத் தட்டினால் போதும், பத்துக்குப் பத்து அறையில் டிரம்ஸ் வேண்டாம். எதை வாசித்தாலும் ஒரு சோதனை உண்டு. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வாத்தியத்தைக் குறையுங்கள். சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணினபோது பூரிகை ஊதுகிறவர்களும் பாடகர்களும் ஒரே சத்தமாகக் கேட்கும்படி துதித்தார்கள் என்றும், அப்போதுதான் ஆலயம் மேகத்தால் நிறைந்தது என்றும் 2 நாளாகமம் 5 சொல்கிறது. அங்கே யாருடைய குரல் பெரிது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பாட்டுச் சீட்டு. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், நிறையப் பேருக்கு வாசிக்க வராது. அவர்களைத் திட்டாதீர்கள். அதே தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். என் மகன் பத்து வயது வரை அப்படித்தான் பாடினான், அதற்கப்புறம் தானாகவே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டான்.

கூட்டத்தில் பல வகை ஆட்கள் வருவார்கள். ஊரில் சேகரத்தில் (பழைய சபை வட்டாரத்தில்) வளர்ந்து பாமாலைப் பாட்டும் கீர்த்தனையும் நெஞ்சில் வைத்திருப்பவர்கள், பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்து கை தட்டாமல் பாடவே தெரியாதவர்கள், கர்த்தர் என்று நாம் சொல்லும் இடத்தில் ஆண்டவர் என்று சொல்லிப் பழகிய கத்தோலிக்கர்கள். இதில் ஒன்றுதான் ஆவிக்குரியது, மற்றதெல்லாம் சடங்கு என்று பேச ஆரம்பித்தால் கூட்டம் உடையும். மூன்று பாட்டில் ஒன்றாவது கீர்த்தனையாக இருக்கட்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மழை.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை, லோக்கல் எல்லாம் நின்றுவிட்டது, எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை. எங்கள் வீடு மாடியில் என்பதால் கீழ் வீட்டு மராத்திக் குடும்பம், வழியில் மாட்டிக்கொண்ட எங்கள் கூட்டத்தார் இரண்டு பேர் என்று பதினொரு பேர் அந்த ஒரு அறையில் இருந்தோம். ஒரே ஒரு மெழுகுவர்த்தி. வீட்டுக்கு வராதவர்களை நினைத்து எல்லாருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் அத்தை, மெதுவாக, ரொம்பத் தாழ்ந்த சுருதியில் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார். சீட்டு இல்லை, அதனால் ஒவ்வொரு அடியையும் அவர் முதலில் பேச்சாகச் சொல்வார், நாங்கள் பாடுவோம். மொழி தெரியாத கீழ் வீட்டு அம்மாவும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கூடவே முனகினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பயத்தோடு உட்கார்ந்திருந்த எங்கள் நடுவில் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். கீபோர்டு வாங்க இன்னும் பணம் சேரவில்லை, அதனால்தான் தொடங்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அடி சொல்லிக்கொடுத்துப் பாடும் அந்த முறையையும் வைத்துக்கொள்ளுங்கள், சீட்டும் வேண்டாம், வாசிக்கத் தெரியாதவரும் பாடலாம்.

அமைதி

கடைசிப் பாட்டு முடிந்ததும் உடனே யாராவது ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்கள். நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருங்கள்.

நமக்கு இது கஷ்டம். சத்தம் நின்றால் கூட்டம் படுத்துவிட்டது என்று பயப்படுகிறோம். ஆனால் எலியா ஓரேப் மலையில் நின்றபோது பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை, அதற்குப் பின் வந்தது ஒரு மெல்லிய சத்தம். அதைக் கேட்க அவன் சும்மா நிற்க வேண்டியிருந்தது. முதல் தடவை செய்யும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இரண்டு நிமிடம் பேச வேண்டாம், பாட வேண்டாம். மனது அலைந்தால் 'நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்' என்ற வசனத்தை மனதுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள்." நேரத்தைப் பார்ப்பது ஒருவருடைய பொறுப்பு, மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. இருமல் வரும், குழந்தை சிணுங்கும், தூரத்தில் ரயில் போகும், மேல்வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். அதெல்லாம் இருக்கட்டும், அதை அடக்கப் பார்க்காதீர்கள். நாலைந்து வாரம் விடாமல் செய்தால் உங்கள் ஆட்களே கேட்பார்கள், இன்னும் ஒரு நிமிடம் வைக்கலாமே என்று.

வசனம்

பதினைந்து நிமிடம் போதும். ஒரு சங்கீதமோ சுவிசேஷத்தில் ஒரு சின்னப் பகுதியோ, ஒருவர் தமிழில் வாசிக்க, இன்னொருவர் அதையே திரும்ப வாசிக்கட்டும், பிள்ளைகளுக்காக இந்தியிலும் ஒரு தடவை. பிறகு ஒரே கேள்வி: இதில் எந்த வார்த்தை உங்களைப் பிடித்து நிறுத்தியது? பிரசங்கம் செய்கிறவர் கிடைக்கவில்லை என்று கூட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜெபம்

சுற்றிவர ஆளுக்கு இரண்டு வாக்கியம். வாய் திறக்கத் தயங்குகிறவர் "ஆமென்" என்று மட்டும் சொன்னால் அடுத்தவர் தொடரலாம், இதை முதலிலேயே சொல்லிவிட்டால் புதியவருக்குப் பெரிய பாரம் இறங்கும். நீளமாக ஜெபிக்கிற அண்ணன் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை எல்லார் முன்னாலும் நிறுத்த வேண்டாம், தனியாகப் பார்த்து, "அண்ணே, நீங்க கடைசியா முடிச்சு ஜெபிங்க, மத்தவங்க முதல்ல பேசிப் பழகட்டும்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

ஜெபத்துக்குள் ஊர்க்கதை நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "ஆண்டவரே, குடித்துவிட்டு வந்து இந்தச் சகோதரியை அடிக்கிற அவள் புருஷனை மாற்றும்" என்று ஒருவர் கண்ணை மூடி உருக்கமாகச் சொன்னால், அந்தப் பெண் உங்களிடம் மட்டும் சொன்ன ரகசியம் பன்னிரண்டு பேருக்குப் போய்விட்டது. தனியாகச் சொன்னதைத் தனியாகவே ஜெபியுங்கள். அடி வாங்குகிறவளுக்கு ஜெபத்தோடு தங்க ஒரு இடமும், கூட போலீஸ் ஸ்டேஷனுக்கு வர ஓர் ஆளும் தேவைப்படலாம், அதையும் செய்யுங்கள். அதேபோல வியாதிக்காக ஜெபித்து நன்றாக இருப்பதாக ஒருவர் சாட்சி சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஸ்தோத்திரம் சொல்லுங்கள், ஆனால் சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்தச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அதை டாக்டர் சொல்லட்டும்.

கண்ணீர், அந்நியபாஷை, அப்புறம் ஒன்றுமே தோன்றாதவர்கள்

சிலர் அழுவார்கள். சிலர் கை உயர்த்துவார்கள், சிலர் அந்நியபாஷையில், அதாவது ஆவியின் வரமாக வரும் புரியாத மொழியில், பேசுவார்கள். முதல் தடவை வருகிறவருக்கு இது பயமாகக்கூட இருக்கலாம், அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மெதுவாக விளக்க வேண்டும். பவுல் கொரிந்தியருக்கு இதை ரொம்பத் தெளிவாகவே எழுதியிருக்கிறார், 1 கொரிந்தியர் 14-ஐ முழுவதும் ஒரு தடவை கூட்டமாக உட்கார்ந்து வாசியுங்கள். அந்நியபாஷையில் பேசினால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஆள் வேண்டும், ஆள் இல்லாவிட்டால் சபையில் பேசாமல் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசட்டும். நீ சொல்வது புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் எப்படி ஆமென் சொல்லுவான் என்று அவர் கேட்கிறார் பாருங்கள், அந்தப் புதியவனை நினைத்து எழுதிய வரி அது.

நான் அதிகம் கவலைப்படுவது ஒன்றும் தோன்றாதவர்களைப் பற்றித்தான். பல வருடத்துக்கு முன் வெளியிலிருந்து ஒருவரைப் பேச அழைத்திருந்தோம். பாட்டு சரியாக எழும்பவில்லை என்று அவர் பாதியில் நிறுத்தி, "இந்த அறையில் யாரிடமோ மறைந்த பாவம் இருக்கிறது, அதனால்தான் பிரசன்னம் தடைபடுகிறது" என்றார். அந்த வாரம் எங்களோடு இருந்த ஒரு சகோதரி, குழந்தையை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவளால் பாட முடியவில்லை, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தை நேரே அவள்மேல் விழுந்தது. இரண்டு மாதம் அவள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அந்த மனிதர் சொன்னது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன், அன்றே எழுந்து நின்று மறுத்துப் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்து. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: உணர்ச்சியை வைத்து யாரையும் அளக்கக் கூடாது. சிலுவையில் இயேசுவே ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கூப்பிட்டார். வறண்டு போய் வருகிறவரிடம், "பாட முடியவில்லையா, பரவாயில்லை, உனக்காகவும் சேர்த்து நாங்கள் பாடுகிறோம், நீ சாய்ந்து உட்கார்" என்று சொல்லுங்கள்.

அண்டை வீட்டார்

சால் வீட்டில் சுவர் பொதுச்சுவர். தொடங்கும் முன்பே பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு எல்லாரிடமும் போய், சனிக்கிழமை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை எங்கள் பிரார்த்தனை, சத்தம் அதிகமானால் சொல்லுங்கள் என்று நேரில் பேசிவிடுங்கள். குடியிருப்போர் சங்கம் நடத்தும் சொசைட்டிக் கட்டடமாக இருந்தால் அதன் செயலாளரிடமும் சொல்லுங்கள். மைக் வேண்டாம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. சட்டத்தை விடுங்கள், சுவருக்கு அந்தப்பக்கம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு நம் ஆராதனை தொந்தரவாக இருந்தால் அது என்ன அன்பு. கதவைத் திறந்தே வையுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

விநாயகர் சதுர்த்தி நாட்களில் தெருவில் மேளத்தோடு ஊர்வலம் போகும். அதோடு போட்டி போட்டு நம் சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. நாங்கள் பாட்டை நிறுத்திவிட்டு, அவரவர் மனதுக்குள் ஒரு சங்கீதம் வாசிப்போம், ஊர்வலம் தாண்டியதும் விட்ட அடியிலிருந்து தொடருவோம்.

முடிப்பது

எட்டு ஐம்பதுக்கு எல்லாரும் எழுந்து நிற்போம். மோசேக்குக் கர்த்தர் சொன்ன வார்த்தையை வீட்டில் வயதில் மூத்தவர் சொல்லி அனுப்புவார்: "என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும், நான் உனக்கு இளைப்பாறுதல் தருவேன்." அதன் பிறகு டீ. தனியாகப் போகிற பெண்களோடு சயான் ஸ்டேஷன் வரை போக இரண்டு பேரை முன்னதாகவே பேசி வைத்திருங்கள், மழைக்காலத்தில் ஹார்பர் லைன் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லவும் ஒருவர் வேண்டும். வீடு சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். பதினொரு மணி வரை யாரிடமிருந்தாவது வரவில்லை என்றால் நான் போன் போடுவேன், எடுக்கும் வரை போடுவேன். புதிதாக வந்தவருக்கு ஞாயிறு விட்டு திங்கட்கிழமை இன்னொரு போன், கூட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், முட்டி வலி எப்படி இருக்கிறது, ராத்திரி ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்க.